பாட்டில் விட்ட இடம்

போன வாரம் சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். ஐம்பதைத் தாண்டிய மனிதனிடம் யாராவது எதையாவது விரும்பிக் கேட்கிறார்கள் என்றால் அது ரத்தமும் சிறுநீரும்தான். எனக்கு முன்னால் ஒரு இளம்பெண். இடுப்பில் குழந்தை, காதில் செல்போன். கண்ணாடிக்குப் பின்னால் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல், “ஹஸ்பண்ட் நேம்?” என்றாள். இவளும் தலையை நிமிர்த்தாமல், “தினேஷ்குமார். டி, ஐ, என், ஈ” என்று எழுத்துக்கூட்டிச் சொல்லிவிட்டு, அந்த தினேஷ்குமாரையே போனில் பிடித்து, “டேய் தினேஷு, எங்கடா நிக்கிற? டோக்கன் போட்டாச்சு, வாடா” என்று அதட்டினாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு பையன் ஓடி வந்தான்.

குறையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நன்றாகத்தான் இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், வந்துவிட்டான். ஆனால் என் முறை வந்ததுகூடத் தெரியாமல் நான் அந்தப் பையனையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரி என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தரையில் அப்போதுதான் பினாயில் போட்டுத் துடைத்திருந்தார்கள். அந்த வாசனை என்னைப் பிடரியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் வேறொரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டது.

நானும் அப்படி ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன்தான். தென்னாற்காடு மாவட்டம் இன்னும் ஒன்றாக இருந்த காலம். தமிழில் எம்.ஏ. முடித்திருந்தேன். கல்லூரி விரிவுரையாளராகி மாணவர்களுக்குத் தூக்கம் வரவழைப்பேன் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். கல்லூரிகள் தப்பித்துக்கொண்டன. கடைசியில் கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் வேலை கிடைத்தது. நோயாளியின் பெயர், வயது, ஊர், பெண்ணாக இருந்தால் கணவன் பெயர். இந்தக் கடைசிக் கேள்விக்கு என் எம்.ஏ. போதவில்லை.

ஏனென்றால் அந்தப் பக்கத்துப் பெண்கள் கணவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவன் ஆயுசு குறையும். அதனால் ஜாடையாகச் சொல்வார்கள்; நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

“வூட்டுக்காரர் பேரு இன்னாம்மா?”

“மூணும் மூணும் சேத்தா இன்னா வரும் சார்?”

“ஆறு.”

“அத்தினி மூஞ்சி இருக்குமே, அவரு.”

ஆறுமுகம் என்று எழுதுவேன். இன்னொரு அம்மா, “திருப்பதில கத்துவாங்களே சார்” என்றது. கோவிந்தாவா என்றேன். “அதான், கடசில கொஞ்சம் சேத்துக்கோங்க” என்றது. சில பேர் கூட வந்த பிள்ளையை முன்னால் தள்ளி, “டேய், உங்கப்பன் பேரச் சொல்றா சாருக்கு” என்பார்கள். அது என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அப்பா” என்று சொல்லும்.

ஒருமுறை கணவனைச் சேர்க்க வந்த ஒரு பெண், “மலை மேல இருப்பாரு” என்றாள். நான் முருகன் என்று எழுதினேன். இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு அவள் தலையாட்டிவிட்டாள். அவள் கணவன் பெயர் ஏழுமலை. காய்ச்சலில் படுத்திருந்த அந்த மனிதர் வீட்டுக்குப் போகும்வரை முருகனாகவே ஊசி போட்டுக்கொண்டார். கூப்பிட்டால் ஏனென்று கேட்காமல் எழுந்தும் உட்கார்ந்தார். பெண்டாட்டி ஒத்துக்கொண்ட பெயரை மறுக்க அவர் யார்?

எங்கள் இலக்கணத்தில், சொல்லிலிருந்து எழுத்தை விடுவதற்கெல்லாம் பெயர் உண்டு. தலையை வெட்டினால் தலைக்குறை, நடுவில் வெட்டினால் இடைக்குறை, வாலை நறுக்கினால் கடைக்குறை. கறிக்கடைப் பலகை மாதிரி இருக்கும். செய்யுளில் அடி நீண்டு ஓசை நொண்டினால் புலவர் ஓர் எழுத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிக்கொள்ளலாம். அவர் விழுங்கினால் இலக்கணம். நாம் விழுங்கினால் கொச்சை. எங்கள் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் புலவர்களைவிடத் துணிச்சலாக விழுங்கினார்கள். உளுந்தூர்பேட்டை வெறும் ‘பேட்ட பேட்ட’ ஆனது. எலவனாசூர்கோட்டையில் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். திருநாவலூர் திருவை இழந்தது. என் பெயருக்கும் அந்தக் கதிதான். கல்யாணமான புதிதில் என் மனைவி ‘என்னங்க’ என்றாள். பிறகு அது ‘ஏங்க’ ஆகி, இப்போது ‘ங்க’வில் நிற்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் புள்ளி வைத்த ‘ங்’ மட்டும் மிஞ்சும் என்று எதிர்பார்க்கிறேன்.

அதெல்லாம் அவசரத்திலும் சோம்பலிலும் விழுவது. அந்தப் பெண்கள் விட்டது அப்படி இல்லை. நிதானமாக, தெரிந்தே விட்டார்கள். ஆற்றைக் கடக்கிறவர்கள் எந்தக் கல் ஆடும் என்று தெரிந்து அதைமட்டும் மிதிக்காமல் போவார்களே, அப்படி.

அஞ்சலையைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றுகிறேன்.

நாங்கள் குடியிருந்தது வரிசை வீடுகளில் ஒன்று. ஒரே கூரை, நடுநடுவே சுவர். அந்தச் சுவரும் முழுசாகக் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் நாங்கள் தும்முவோம். அந்தப் பக்கத்து வீடு அஞ்சலையுடையது. அவள் கணவர் லோடுமேன். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு, புளி, கடுக்காய் ஏற்றி வரும் லாரியில் போவார். காலையில் மலையேறினால் சாயங்காலம் மூட்டைகளின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு ராஜா மாதிரி திரும்பி வருவார். உடம்பெல்லாம் புளி வாசனை அடிக்கும்.

அவர் பெயர் மணி.

ஆறுமுகம் என்றால் பரவாயில்லை, தினமும் யார் ஆறு முகத்தைப் பற்றிப் பேசப் போகிறார்கள்? மணி இல்லாமல் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். கணவன் பெயர் எந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருந்தாலும் அஞ்சலை அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுவாள். நேரம் கேட்க வேண்டுமென்றால் என் மனைவியிடம், “அக்கா, கடியாரத்துல இன்னா?” என்பாள். கோயில் மணி அடித்தால், “கோயில்ல அடிச்சிட்டாங்க” என்பாள். யாரை அடித்தார்கள் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் பதறுவார்கள். மலையிலிருந்து இறங்கி வருகிற மணிமுத்தாறுகூட அவள் வாயில் முத்தாறுதான். ஒரு ஆற்றையே பாதியாக்கி ஓடவிட்டவள்.

மணிக்கு இதில் தாங்க முடியாத பெருமை. வெளியில் அலுத்துக்கொள்வார். “ஊருக்கெல்லாம் நேரம் சொல்ற பேரு சார். எங்கூட்டுல மட்டும் நின்னு பூட்ச்சி” என்பார். உள்ளேயிருந்து அஞ்சலை, “நின்னுக்கினே இருக்காம உள்ள வந்து துன்னச் சொல்லுங்க சார்” என்பாள். புருஷனுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் என் வழியாகச் சொல்வாள். நான் அந்த வீட்டுக்குச் சம்பளமில்லாத தபால்காரன்.

அவர்களுக்குச் செல்வி பிறந்தாள். பிறகுதான் பாட்டு ஆரம்பித்தது.

சாயங்காலம் தூளி கட்டி ஆட்டுவாள். விட்டத்தில் கயிறு உரசும் சத்தம் கேட்கும், அதற்கு மேல் அவள் குரல். அவளாகக் கட்டிய பாட்டா, அவள் அம்மா பாடியதா, தெரியாது. இப்படிப் போகும்:

கண்ணே கண்... யே
காட்டுத்தேன் துளியே
நெல்லே நெல்... யே
நீ உறங்கு கிளியே

கண்மணி, நெல்மணி. இரண்டிலும் மணியை விட்டுவிடுவாள். ஆனால் பாட்டை முன்னால் இழுத்து நடுவில் விழுந்த சந்து மூடும்படி விடமாட்டாள். அங்கே தூளியை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவாள். இருக்க வேண்டிய ஒலிக்கு இடத்தைக் காலியாக வைத்திருந்து, அது கடந்து போகிற நேரத்தையும் கொடுத்து, அப்புறம் ‘யே’ என்று பிடித்துக்கொள்வாள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பது போல.

அந்த இடத்துக்கு உரியவர் வராமல் இருந்ததில்லை. சாயங்காலம் லாரியை விட்டு இறங்கி, கொல்லையில் கை கால் கழுவிக்கொண்டிருப்பார். அவள் ‘கண்ணே கண்’ என்று நிறுத்தித் தட்டும்போது, அங்கிருந்தே “மணி!” என்று கத்துவார். அவள் ‘யே’ என்று சேர்ப்பாள். நெல்லுக்கு ஒரு ‘மணி’. தூங்கப்போன குழந்தை அலறிக்கொண்டு எழுந்திருக்கும்.

“அக்கா, இந்த அநியாயத்தக் கேளுங்கக்கா. தூங்குற கொழந்தய எழுப்பி வுட்றாரு.”

“நீ வுட்டத நான் போட்றேன்டி. பாட்டு நொண்டக் கூடாதுல்ல?”

“நொண்டிட்டுப் போவுது. உனுக்கு இன்னா?”

“எனுக்கு இன்னாவா? எம் பேருடி அது.”

நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து யாப்பிலக்கணத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன், இன்னும் ஏதாவது கல்லூரி ஏமாறும் என்ற நம்பிக்கையில். அதில் எழுத்தை விடுவதற்கு எத்தனையோ விதி இருந்தது. ஒருத்தி விட்டு வைக்க, ஒருத்தர் கொல்லையிலிருந்து ஈரக் காலோடு வந்து நிரப்புவதற்கு விதி எதுவும் இல்லை.

ஒரு மழைக்காலப் பிற்பகலில், வெள்ளிமலையிலிருந்து இறங்கும் கொண்டை ஊசி வளைவில் லாரி சாய்ந்தது. மூட்டைகளின் உச்சியில் இருந்தவர் தூக்கி எறியப்பட்டார். சேலத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, தலையில் பட்ட அடி, விழித்தால்தான் உண்டு, பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் தர்ம ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தார். அவருக்கான சீட்டை நான்தான் எழுதினேன். பெயரை யாரிடமும் கேட்கவில்லை.

எங்கள் நர்ஸம்மா கறாரானவர், கெட்டவர் இல்லை. காதில் விழுந்துகொண்டிருக்கும், பழகின குரல் கூப்பிட்டால் சில பேர் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று அவருக்கு அனுபவம்.

“பேரச் சொல்லிக் கூப்பிடும்மா.”

“கூப்ட்டுக்கினுதான் இருக்கேன், சிஸ்டர்.”

“நானும் கேட்டுட்டுதான இருக்கேன். ‘தோ பாருங்க, தோ பாருங்க’ன்னா எந்த மனுஷன் எழுந்திரிப்பான்? பேரச் சொல்லு. சத்தமா.”

அஞ்சலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “சொன்னா ஆயுசு கம்மியாப் பூடும்னுவாங்க.”

“சொல்லலன்னா இன்னும் கம்மி.”

நான் சீட்டுக் கட்டோடு வாசற்படியில் நின்றேன். இப்படிச் சொன்னாலும் போய்விடுவார், அப்படிச் சொல்லாவிட்டாலும் போய்விடுவார் என்று இரண்டு பக்கமும் இடித்தால் ஒருத்தி என்ன செய்வாள்? அவள் என்னைப் பார்த்தாள். “நீங்க கூப்டுங்க சார். நீங்க சொன்னா ஒண்ணும் ஆவாது.”

கட்டில் பக்கத்தில் போய்க் குனிந்து, “மணி” என்றேன். “மணி! மணி!” இரண்டாவது தடவையே என் குரல் கவுண்ட்டர் குரலாக மாறிவிட்டது. தினமும் அந்தக் குரலில்தான் பெயர்களைக் கூப்பிட்டுப் பழக்கம். அவர் அசையவில்லை. அசைவதற்கு அவர் என்ன, சீட்டு வாங்க வரிசையிலா நின்றுகொண்டிருந்தார்?

அதற்கப்புறம் அஞ்சலை கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். செல்வியை மடியில் போட்டுக்கொண்டாள். குழந்தைக்குத் தூக்கம் வரவில்லை, யாரும் தூங்க வைக்கவும் சொல்லவில்லை. ஆனாலும் பாட ஆரம்பித்தாள். குரலே வரவில்லை, வெறும் காற்று மாதிரி இருந்தது. ‘கண்ணே கண்’ என்றவள் நிறுத்தி, கட்டிலின் இரும்புச் சட்டத்தை உள்ளங்கையால் தட்டினாள்.

காத்திருந்தாள்.

ஒரு தட்டுக்கு உரிய நேரம் போய்விட்டது. அவள் ‘யே’ சொல்லவில்லை. மூலையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பாதி உரித்ததோடு நிறுத்திவிட்டார். மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். மறுபடி தட்டினாள். நர்ஸம்மா ஜன்னல் பக்கம் போய் நின்றார். அன்றைக்கு முழுவதும், மறுநாளும், செல்வி தூங்கினாலும் விழித்தாலும், அவள் அந்த ஒரு வரியைத்தான் பாடினாள். அடுத்த வரிக்கே போகவில்லை. இடம் நிரம்பாமல் எப்படி அடுத்த வரிக்குப் போவது?

மறுநாள் வெயில் சாய்கிற நேரம். லாரி திரும்பி வருகிற வழக்கமான நேரம்தான் அது. நான் கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன். ‘கண்ணே கண்’ என்றாள். தட்டினாள். மணியின் உதடுகள் இரண்டும் மெதுவாக வந்து ஒட்டின. உள்ளேயிருந்து ‘ம்’ என்று ஓர் ஒலி. மிகவும் சின்னது. கொசு போனது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் நானும் கேட்டேன், நர்ஸம்மாவும் கேட்டார், ஆரஞ்சுப் பெரியவரும் கேட்டார். உதடு மூடியபடி அப்படியே இருந்தது. பெயரின் முதல் மெய்யெழுத்துவரைக்கும் வந்துவிட்டார். இனி வாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

அஞ்சலை சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள் என்றெல்லாம் எழுத மாட்டேன், சிரித்தாள், அவ்வளவுதான். “யே” என்று சேர்த்துக்கொண்டு, அன்றுதான் இரண்டாவது வரியைப் பாடினாள்.

அடுத்த நாள் காலை நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

என் மனைவி அஞ்சலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அஞ்சலை என்னிடம் ஏதோ முக்கியமான தகவலை ஒப்படைப்பது போல, “பாதி சொன்னாரு சார். மீதிய எட்த்துக்கினு பூட்டாரு” என்றாள்.

மத்தியானம் வரிசை வீடுகளுக்கு முன்னால் பந்தல். பெண்கள் வட்டமாகத் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். இழவுக்குப் போனால் எதுகை மோனை பார்க்கிற கெட்ட புத்தி எனக்கு உண்டு. அன்றைக்கு அது வேலை செய்யவில்லை. அஞ்சலையின் முறை வந்தது. ‘மல ஏறிப் போனீங்களே, மாலயில வரலியே’ என்று எடுத்தாள். ‘எங் கண்ணான கண்’ என்று வந்து நின்றாள்.

அவள் நாத்தனார், மணிக்கு மூத்தவர், அவள் முதுகில் கை வைத்துச் சொன்னார்: “சொல்லுடிம்மா. இனிமே இன்னா? வாயத் தொறந்து பேரச் சொல்லி அழுவுடி. இனி ஒண்ணும் கொறையாது.”

அது நியாயம்தான். காப்பாற்ற வேண்டிய ஆயுசு முடிந்துவிட்டது. தடை நீங்கிவிட்டது. அவள் சொல்லவில்லை. அந்த இடத்தில் மார்பில் ஒரு அடி அடித்துக்கொண்டாள். சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் அதே இடத்தில் அடித்துக்கொண்டார்கள். நான் என்னையறியாமல் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி இருந்தது.

கொஞ்ச நாளில் அவள் செல்வியைத் தூக்கிக்கொண்டு கச்சிராயப்பாளையம் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கும் வேறு ஊரில் ஒரு பத்திரிகையில், மற்றவர்கள் எழுதியதில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது. பிறகு நானே பிழைகளை எழுதும் நிலைக்கு உயர்ந்தேன். தர்ம ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை இருக்கிறது. வரிசை வீடுகள் இருந்த இடத்தில் எது இருக்கிறதென்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

சில வருடங்களுக்கு முன் செல்வியின் குழந்தைக்குக் காது குத்து என்று போன் வந்தது. எப்படியோ என் நம்பரைப் பிடித்திருக்கிறார்கள். நானும் மனைவியும் போனோம். கூட்டமும் மைக் செட்டும் ஓய்ந்த பிற்பகலில், காது புண்ணோடு சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தையை உள்ளே தூளியில் போட்டு அஞ்சலை ஆட்டிக்கொண்டிருந்தாள். முடி நரைத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது.

“கண்ணே கண்மணியே, காட்டுத்தேன் துளியே.”

வழுக்கிக்கொண்டு போனது. நிற்கவில்லை, தட்டவில்லை. நெல்மணியும் அப்படித்தான். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

“இன்னா சார், அங்கியே நின்னுட்டீங்க? உள்ள வாங்க.”

“ஒண்ணுமில்ல. முழுசாப் பாடறீங்களே.”

அவள் தூளியை ஆட்டுவதை நிறுத்தவில்லை. “பழய மாரிதான் சார் மொதல்ல பாடுனேன். அந்த எடம் வந்தா என் கண்ணு தன்னால கொல்லப் பக்கம் போவுது. போனா வர்றதில்ல. கொழந்த அழுவுது. அதான் நானே சொல்லிட்றேன்.”

என் மனைவி பின்னாலிருந்து, “ங்க” என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அதற்கு அர்த்தம். கொஞ்சம் இரு என்று கையைக் காட்டினேன். பாட்டு இன்னொரு தடவை முதலிலிருந்து வந்தது. ஓசை எங்கேயும் நொண்டவில்லை. ஓர் எழுத்துக் குறையவில்லை. புதிதாகக் கேட்கிறவர்கள் யாரும் அதில் ஒரு சந்து இருந்தது என்றோ, அங்கே ஒருவர் குடியிருந்தார் என்றோ சொல்ல முடியாது.